போன் போனதும் எல்லாக் கதவும் மூடிக்கொண்டது: இரண்டாவது சாவியை எங்கே வைக்கிறீர்கள்?

தூக்கணாங்குருவி

வணக்கம் நண்பர்களே. போன வாரம் பேருந்தில் போனைத் தொலைத்துவிட்டேன். கருவி போனதில் பெரிய வருத்தமில்லை, பழையதுதான். அன்று மாலையே வீட்டில் சும்மா கிடந்த இன்னொரு போனை எடுத்து மின்னஞ்சலுக்குள் நுழையப் பார்த்தேன். பாஸ்வேர்டு நன்றாக நினைவிருந்தது, சரியாகத்தான் போட்டேன். அதற்குப் பிறகுதான் சிக்கலே.

"உங்கள் போனுக்கு ஒரு செய்தி அனுப்பியிருக்கிறோம், ஆம் என்று அழுத்துங்கள்" என்றது. அந்தப் போன்தான் இல்லையே. வேறு வழி கேட்டால், ஆத்தென்டிகேட்டர் செயலியில் தெரியும் 6 இலக்க எண்ணைப் போடச் சொன்னது. செயலி இருந்தது அந்தப் போனில். எஸ்எம்எஸ்ஸில் ஓடிபி அனுப்பட்டுமா என்றது. சிம்மும் அதே போனில். கடைசியாக மீட்பு மின்னஞ்சல் முகவரி என்று ஒன்றைக் காட்டியது. அது கல்லூரிக் காலத்தில் தொடங்கியது; அதன் பாஸ்வேர்டைப் போனின் பிரவுசரில் மட்டும்தான் சேமித்து வைத்திருந்தேன்.

மாற்று சிம் கைக்கு வந்து எஸ்எம்எஸ் வரத் தொடங்க 3 நாள் ஆனது. அதன்பின் மின்னஞ்சல் திறந்துவிட்டது. ஆனால் ஆத்தென்டிகேட்டரில் இருந்த 11 கணக்குகளில் 2 இன்னும் திறக்கவில்லை. எனக்கு உண்மையில் வலிப்பது வாட்ஸ்அப்தான். எண்ணைப் பதிவு செய்ய முடிந்தது, ஆனால் பேக்கப்பை மீட்கப் போனால் அதற்கென்று தனியாக ஒரு பாஸ்வேர்டு கேட்கிறது. எப்போதோ நான்தான் வைத்திருக்கிறேன், என்ன வைத்தேன் என்று தெரியவில்லை. என் பெரியம்மா இரண்டு வருடமாக அனுப்பிய குரல் பதிவுகள் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. அவர் இப்போது இல்லை.

இரண்டு கேள்விகள். அந்தப் பேக்கப்பைத் திறக்க ஏதாவது வழி உண்டா? அப்புறம், நீங்கள் எல்லாம் இந்த இரண்டாவது சாவியை எங்கே வைக்கிறீர்கள்?

கைவிளக்கு

முதலில் அவசரமானதைக் கேட்கிறேன். தொலைந்த போனைத் தூரத்திலிருந்து பூட்டிவிட்டீர்களா? ஆண்ட்ராய்டு என்றால் கூகுளின் கருவி தேடும் பக்கத்துக்கு எந்தக் கணினியிலிருந்தும் போகலாம். ஐபோன் என்றால் ஐகிளவுட் தளத்தில் கருவியைத் தேடும் பக்கத்துக்கு மட்டும் இரண்டாவது குறியீடு கேட்காது, பாஸ்வேர்டு போதும். பலருக்கு இது தெரியாததால் முதல் சில மணி நேரம் வீணாகிறது. அந்த நேரம்தான் முக்கியம்.

இன்னொன்று, திரைப்பூட்டு இருந்தாலும் சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டால் உங்களுக்கு வரும் ஓடிபி எல்லாம் அங்கே போகும். அதைத் தடுக்கச் சிம்முக்கே பின் வைக்கலாம், அமைப்புகளில் இருக்கிறது. வைக்கும் முன் ஒரு எச்சரிக்கை: 3 முறை தவறாகப் போட்டால் பூட்டிக்கொண்டு பியுகே என்ற 8 இலக்க எண்ணைக் கேட்கும். அதையும் 10 முறை தவறவிட்டால் அந்தச் சிம் அவ்வளவுதான், புதிது வாங்க வேண்டும். சிம் வந்த அட்டையைத் தூக்கி எறியாதீர்கள் என்று சொல்வது இதற்காகத்தான். பெரும்பாலும் பியுகே அதில் அச்சாகியிருக்கும்.

தூக்கணாங்குருவி

பூட்டிவிட்டேன், ஆனால் இரண்டாம் நாள்தான். சிம்மை அன்று இரவே நிறுத்தச் சொல்லிவிட்டேன். சிம் பின் வைத்திருக்கவில்லை.

கைவிளக்கு

சரி, அது போதும். ஐஎம்இஐ எண், அதாவது போனின் தனி அடையாள எண், கைவசம் இருக்கிறதா? 15 இலக்கம், பெட்டியின் மேல் இருக்கும். புகார் கொடுக்கும்போது அதைத்தான் கேட்பார்கள். மற்றவர்களும் இப்போதே *#06# என்று போட்டுப் பார்த்து, போனுக்கு வெளியே எங்காவது எழுதி வையுங்கள்.

மழைக்காகம்

எனக்கு இதே கதை, தொலையவில்லை, தரையில் விழுந்து திரை இருண்டுவிட்டது. உள்ளே போன் உயிரோடு இருக்கிறது, மணி அடிக்கிறது, ஆனால் ஓடிபியைப் படிக்க முடியாது. மறுநாளிலிருந்து காகிதம்தான். மீட்புக் குறியீடுகளை அச்செடுத்துப் பிறப்புச் சான்றிதழ் இருக்கும் கோப்பிலேயே வைத்துவிட்டேன்.

பழைய விசைப்பலகை

மழைக்காகம் சொல்லும் மீட்புக் குறியீடுகள் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். பெரும்பாலானோர் அந்தப் பக்கத்தைப் பார்த்திருக்கவே மாட்டார்கள்.

பாஸ்வேர்டோடு இன்னொரு சான்றும் கேட்கும் இரண்டடுக்குப் பாதுகாப்பை இயக்கும்போது, போன் இல்லாத நேரத்தில் நுழைவதற்காகப் பல சேவைகள் இந்தக் குறியீடுகளைத் தருகின்றன. கூகுள் ஒரே தடவையில் 10 தருகிறது, ஒவ்வொன்றும் 8 இலக்கம். ஒன்றை ஒருமுறைதான் பயன்படுத்தலாம். புதிதாக 10 எடுத்தால் பழைய தாள் செல்லாது, அதைக் கிழித்துவிட வேண்டும். போன், சிம் இரண்டையும் நம்பாமல் வேலை செய்யும் வழி இது. இத்தனை பயனுள்ள ஒன்றை அமைப்புகளில் நான்கு பக்கம் தாண்டி உள்ளே வைத்திருக்கிறார்கள் என்பது எனக்குத் தீராத குறை. கணக்கு தொடங்கும்போதே "அச்செடுத்தாயா" என்று கேட்டு நிறுத்த வேண்டும்.

அடுத்து ஆத்தென்டிகேட்டர். அந்த 6 இலக்க எண் எங்கிருந்தோ வருகிறது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். எங்கிருந்தும் வருவதில்லை. முதல் நாள் ஒரு க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தீர்கள் அல்லவா, அதற்குள் ஒரு ரகசியச் சொல் இருக்கிறது. அந்தச் சொல்லும் அப்போதைய நேரமும் சேர்ந்து 30 விநாடிக்கு ஒரு எண்ணாக மாறுகிறது. சேவையின் பக்கத்திலும் இதே கணக்கு நடக்கிறது, இரண்டும் ஒத்துப்போனால் கதவு திறக்கும். 2011இல் வெளியான பொது நெறிமுறை இது. அதனால்தான் எந்த நிறுவனத்தின் செயலியிலும் எந்தத் தளத்தின் கோடையும் ஏற்ற முடிகிறது. விமானத்தில் இணையம் இல்லாமலும் எண் வருவதற்கும், போனில் மணி தவறாக இருந்தால் எண் ஏற்கப்படாமல் போவதற்கும் காரணம் இதுவே.

இதிலிருந்து ஒரு நல்ல செய்தி கிடைக்கிறது. அதே க்யூஆர் கோடை இரண்டு கருவிகளில் ஸ்கேன் செய்யலாம். இரண்டிலும் ஒரே எண் வரும். வீட்டில் கிடக்கும் பழைய போனில் சிம்கூட வேண்டாம், செயலியைப் போட்டு இரண்டிலும் ஸ்கேன் செய்து, பழையதை அலமாரியில் வைத்துவிடுங்கள். மாதம் ஒருமுறை சார்ஜ் போட்டால் போதும். நான் 4 வருடமாக இப்படித்தான் வைத்திருக்கிறேன்.

தூக்கணாங்குருவி, உங்கள் செயலி கூகுளுடையது என்றால், 2023 முதல் அது கணக்குடன் ஒத்திசைக்கும், அதாவது போனில் இருப்பதைக் கணக்கிலும் வைத்துக்கொள்ளும் வசதியைத் தருகிறது. மின்னஞ்சல் திறந்துவிட்டதால் புதுப் போனில் அதே கணக்கில் நுழைந்து பாருங்கள், ஒருவேளை மிச்சம் இரண்டும் அங்கே இருக்கலாம்.

தூக்கணாங்குருவி

ஒத்திசைவு அணைந்திருந்தது ஐயா, இப்போதுதான் பார்த்தேன். 9 கணக்குகளை எஸ்எம்எஸ், மின்னஞ்சல் வழியாக மீட்டேன். மீதி 2 தளங்களுக்கும் எழுதியிருக்கிறேன். பழைய போன் யோசனை பிடித்திருக்கிறது, இன்றே செய்கிறேன்.

நூல்கண்டு

காகிதம் பற்றி எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. ஒரு தாளில் 10 குறியீடு என்றால் சரி. எனக்கு 140க்கு மேல் கணக்குகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள் வைத்தால் யாராலும் புதுப்பிக்க முடியாது, அந்தக் கட்டு ஒரு வருடத்தில் பழையதாகிவிடும். எல்லாப் பாஸ்வேர்டுகளையும் ஒரே பூட்டுக்குள் வைக்கும் பாஸ்வேர்டு மேலாளர் செயலியைப் பயன்படுத்துவதே சரி. பிட்வார்டன், கீபாஸ் இரண்டுமே மூலநிரல் திறந்தவை. முன்னது இணையத்தில் வைக்கும், பின்னது ஒரு கோப்பாக உங்களிடமே இருக்கும். மீட்புக் குறியீடுகளையும் அங்கேயே குறிப்பாகப் போட்டுவிடலாம். ஒரே ஒரு தலைமைப் பாஸ்வேர்டை நினைவில் வைத்தால் போதும்.

மழைக்காகம்

எல்லா முட்டையும் ஒரே கூடையில் இல்லையா? 2022இல் லாஸ்ட்பாஸ் என்ற பாஸ்வேர்டு மேலாளர் நிறுவனத்திலிருந்து வாடிக்கையாளர்களின் பெட்டக நகல்களையே எடுத்துப் போனார்களே.

நூல்கண்டு

எடுத்துப் போனார்கள், உண்மைதான். ஆனால் எடுத்தவை குறியாக்கம் செய்த, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றிய நகல்கள். அதற்குள் பாஸ்வேர்டுகளைப் படிக்க வேண்டுமென்றால் ஒவ்வொருவரின் தலைமைப் பாஸ்வேர்டையும் ஊகிக்க வேண்டும். வலுவாக வைத்தவர்களுக்கு ஆபத்து குறைவு, பலவீனமாக வைத்தவர்களுக்கு அதிகம். தள முகவரிகள் மட்டும் குறியாக்கமின்றி இருந்தன, அது அந்த நிறுவனத்தின் பக்கம் பெரிய தவறு. ஆக நான் அதிலிருந்து எடுத்துக்கொண்டது, தலைமைப் பாஸ்வேர்டு விஷயத்தில் சோம்பக் கூடாது என்பது.

அதை எப்படி வைப்பது என்றால், தாயக்கட்டை முறை. 1995இல் ஆர்னால்ட் ரைன்ஹோல்ட் உருவாக்கியது, டைஸ்வேர் என்று பெயர். ஆறு பக்கப் பகடையை 5 முறை உருட்டினால் ஒரு எண் கிடைக்கும், அந்த எண்ணுக்கு நேரே பட்டியலில் ஒரு சொல். மொத்தம் 7776 சொற்கள். இப்படி 6 சொல் எடுத்தால் கணினியால் ஊகிப்பது மிகக் கடினம், மனிதருக்கோ ஒரு சின்னக் கதையாகக் கோத்து நினைவில் வைக்க எளிது. சொற்களை நீங்களே மனதில் நினைத்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது. மனம் எப்போதும் பழகிய சொல்லுக்கே போகும். பாட்டு வரி, வசனம், பழமொழி எல்லாம் வேண்டவே வேண்டாம், அவை ஊகிப்பவரின் பட்டியலிலும் இருக்கும்.

நாம் தமிழர்களுக்கென்று ஒரு தனிச் சிக்கலும் உண்டு. தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் பாஸ்வேர்டாக வைப்பவர்கள் ஏராளம். வைத்த மூன்று மாதத்தில் "மழை"யின் ழகரத்துக்கு ஓரெழுத்துப் போட்டோமா, ஈரெழுத்துப் போட்டோமா என்று மறந்துவிடும். "பாட்டு" என்பதில் நெடிலுக்கு இரண்டு எழுத்தா, ஒற்றுக்கு இரண்டு எழுத்தா? தூக்கணாங்குருவி, உங்கள் பேக்கப் பாஸ்வேர்டு அப்படி ஒரு தமிழ்ச் சொல்லாக இருக்குமோ என்று எனக்குச் சந்தேகம். வேறு வேறு எழுத்துக்கூட்டலில் நிதானமாக முயன்று பாருங்கள். ழ, ள, ல, ற, ர, நெடில், இரட்டித்த மெய், முதல் எழுத்து பெரியதா சிறியதா, இவ்வளவுதான் மாறியிருக்கும்.

தூக்கணாங்குருவி

இதைப் படித்ததும் நெஞ்சு படபடத்துவிட்டது. தமிழ்ச் சொல்தான் வைத்திருப்பேன், நிச்சயம். ஒரு தாளில் எல்லா எழுத்துக்கூட்டலையும் எழுதி ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கிறேன்.

வடதுருவம்

எல்லாம் சரி, ஆனால் நம் அம்மா அப்பாவுக்கு டைஸ்வேரும் பிட்வார்டனும் சொல்லிக்கொடுக்க முடியுமா? அவர்களுக்கு எஸ்எம்எஸ் ஓடிபியே போதும் என்பது என் கருத்து. எஸ்எம்எஸ் பாதுகாப்பில்லை என்று இணையத்தில் பயமுறுத்திப் பயமுறுத்தி, பலர் இரண்டடுக்கையே அணைத்துவிடுகிறார்கள். அதுதான் பெரிய ஆபத்து.

பழைய விசைப்பலகை

இதில் நீங்கள் சொல்வது பாதி சரி. ஒன்றுமே இல்லாததைவிட எஸ்எம்எஸ் எவ்வளவோ மேல். ஆனால் முக்கியமான ஒரு கணக்குக்கு, அதாவது மற்ற எல்லாவற்றின் பாஸ்வேர்டையும் மாற்றித் தரும் அந்த மின்னஞ்சலுக்கு, எஸ்எம்எஸ்ஸை மட்டும் நம்ப வேண்டாம். உங்கள் எண்ணை வேறு சிம்முக்கு ஏமாற்றி மாற்றிவிட்டால் போதும், கையில் போன் இருக்கும்போதே கணக்கு போய்விடும். அமெரிக்காவின் தேசியத் தரநிலை நிறுவனமான நிஸ்ட் 2017இல் வெளியிட்ட வழிகாட்டியிலேயே எஸ்எம்எஸ் வழியைக் கட்டுப்பாட்டுக்குரியதாக வகைப்படுத்தியது. அதே வழிகாட்டிதான் காரணமில்லாமல் மாதாமாதம் பாஸ்வேர்டை மாற்றச் சொல்லி மக்களைக் கட்டாயப்படுத்த வேண்டாம் என்றும் சொன்னது. கட்டாயப்படுத்தினால் கடைசியில் 1, 2, 3 என்று எண்ணைத்தான் கூட்டிக்கொண்டே போவார்கள். இரண்டாவது அறிவுரையை இன்னும் எத்தனையோ அலுவலகங்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சாளரம்

பாஸ்கீ, அதாவது பாஸ்வேர்டுக்குப் பதிலாகக் கருவியே வைத்திருக்கும் சாவி, அதைப் பற்றி யாரும் பேசவில்லையே. பெரியவர்களுக்கு அதுதான் எளிது என்பேன். விரல் வைத்தால் முடிந்தது, நினைவில் வைக்க ஒன்றுமில்லை. ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் மூன்றும் 2022 மே மாதம் சேர்ந்து அறிவித்த பிறகு பல இடங்களில் வந்துவிட்டது. இதில் எனக்குப் பிடித்தது, போலித் தளத்தில் அது வேலையே செய்யாது. ஒரு தளத்துக்காக உருவான சாவி அந்தத் தளத்தின் முகவரிக்கு மட்டும்தான் பதில் சொல்லும். என் மாமியாருக்கு வங்கியிலிருந்து வந்தது போல ஒரு போலி இணைப்பு வந்தது. பாஸ்வேர்டு என்றால் போட்டிருப்பார். பாஸ்கீயைப் "போட" முடியாது, அதனால் ஏமாற்றிப் பிடுங்கவும் முடியாது.

நூல்கண்டு

பாஸ்கீயும் போனுக்குள் தானே இருக்கிறது? தூக்கணாங்குருவியின் நிலைமை அப்படியே திரும்ப வராதா?

சாளரம்

நல்ல கேள்வி. பாஸ்கீ ஆப்பிள் கணக்கிலோ கூகுள் கணக்கிலோ பாஸ்வேர்டு மேலாளரிலோ ஒத்திசைக்கப்பட்டிருந்தால் புதுக் கருவியில் திரும்ப வரும். ஆனால் அந்த மூலக் கணக்குக்குள் முதலில் நுழைய வேண்டுமே. ஆக அந்த ஒரு கணக்குக்கு மட்டுமாவது மழைக்காகத்தின் காகிதம் வேண்டும். நான் என் வாதத்தை இவ்வளவு தூரம் விட்டுக்கொடுக்கிறேன்.

நூல்கண்டு

சரி, நானும் அங்கேயே வந்து சேர்கிறேன். மின்னஞ்சலுக்கு ஒரு தாள், பாஸ்வேர்டு மேலாளருக்கு ஒரு தாள். மீதி 138க்குத் தாள் வேண்டாம்.

கைவிளக்கு

திரைப்பூட்டைப் பற்றி ஒரு வார்த்தை. எல்லாவற்றையும் போனுக்குள் வைத்தபின், அந்த 4 இலக்க எண்தான் உங்கள் வாழ்க்கையின் பூட்டு. பேருந்திலும் வரிசையிலும் அதைப் பக்கத்தில் நிற்பவர் பார்க்கும்படி போடுகிறோம். பார்த்துவிட்டுப் போனைப் பறித்தால் கணக்கின் பாஸ்வேர்டையே மாற்றிவிட முடியும். இதற்காகத்தான் ஆப்பிள் 2024 ஜனவரியில் ஐஓஎஸ் 17.3இல் திருட்டுக் கருவிப் பாதுகாப்பைக் கொண்டுவந்தது. பழகிய இடத்தில் இல்லாதபோது முக்கிய மாற்றங்களுக்கு முகமோ விரலோ கேட்கும், சிலவற்றுக்கு 1 மணி நேரம் காத்திருக்கவும் வைக்கும். அது இயங்குகிறதா என்று அமைப்புகளில் போய்ப் பார்த்துவிடுங்கள். அப்புறம் 4 இலக்கத்தை 6 ஆக்குங்கள்.

மழைக்காகம்

படங்கள் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் ஏமாந்தது அங்கேதான். கிளவுடில் போய்க்கொண்டிருக்கிறது, அதுவே பேக்கப் என்று நினைத்தேன். போனில் இடம் போதவில்லை என்று ஒருநாள் 800 படங்களை அழித்தேன். கிளவுடிலும் அழிந்துவிட்டன. ஒத்திசைவு என்றால் இங்கே செய்வது அங்கேயும் நடக்கும், அழிப்பது உட்பட. பேக்கப் என்றால் இங்கே என்ன ஆனாலும் அங்கே அப்படியே இருக்க வேண்டும். இரண்டும் வேறு வேறு என்று எனக்கு அன்றுதான் உறைத்தது. நல்லவேளை குப்பைத்தொட்டியில் இருந்தன. கூகுள் ஃபோட்டோஸ் பேக்கப் செய்த படங்களைக் குப்பைத்தொட்டியில் 60 நாள் வைத்திருக்கும், ஐகிளவுட் 30 நாள். நான் பார்த்தது 52ஆம் நாள்.

போனில் இடம் வேண்டுமென்றால் "இடத்தை விடுவி" என்ற பொத்தானைத்தான் அழுத்த வேண்டும், அது பேக்கப் ஆனவற்றைப் போனிலிருந்து மட்டும் நீக்கும். குப்பைத்தொட்டி அடையாளம் இருக்கும் பொத்தானை அல்ல.

பழைய விசைப்பலகை

புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோக் சொன்ன 3-2-1 கணக்கை இங்கே சொல்ல வேண்டும். 3 நகல், 2 வகை ஊடகம், அதில் 1 வீட்டுக்கு வெளியே. போனில் ஒன்று, வெளி வன்தட்டில் ஒன்று, கிளவுடில் ஒன்று என்றால் கணக்கு சரியாகிவிடும். வன்தட்டை எப்போதும் கணினியில் செருகியே வைக்காதீர்கள். கணினிக்கு வரும் கேடு அதற்கும் வரும். கூகுளில் இருப்பதை மொத்தமாக இறக்க டேக்அவுட் என்ற சேவை 2011 முதல் இருக்கிறது. கோப்புகளைத் துண்டு துண்டாக ஜிப் செய்து தரும். நான் வருடத்துக்கு இருமுறை இறக்குகிறேன். இறக்கியதும் நான்கைந்து ஜிப்பையாவது திறந்து பார்ப்பேன். திறந்து பார்க்காத பேக்கப்பை நம்பி இருமுறை நொந்திருக்கிறேன்.

இடம் பற்றியும் கவனம் வேண்டும். 2021 ஜூன் 1க்குப் பிறகு ஏற்றும் படங்கள் எல்லாம் அந்த இலவச 15 ஜிபி கணக்கில்தான் சேரும். மின்னஞ்சல், டிரைவ், படங்கள் மூன்றுக்கும் அதே 15தான். நிறைந்துவிட்டால் புதுப் படங்கள் பேக்கப் ஆகாது, மின்னஞ்சலும் வராமல் போகும். அறிவிப்பைத் தட்டித் தள்ளிவிட்டு மாதக்கணக்கில் பேக்கப் நடக்காமலே இருப்பவர்களை எனக்குத் தெரியும்.

தூக்கணாங்குருவி

எழுத்துக்கூட்டல் முயற்சியின் நிலவரம்: 5 சொற்கள், ஒவ்வொன்றிலும் வரக்கூடிய வடிவங்கள் என்று மொத்தம் 46 போட்டுப் பார்த்தேன். திறக்கவில்லை. நடுவில் சில தவறுகளுக்குப் பிறகு காத்திருக்கச் சொல்கிறது, அதனால் இரண்டு நாளாக இதே வேலை. உதவி மையத்துக்கு எழுதலாமா?

பழைய விசைப்பலகை

எழுதிப் பயனில்லை தம்பி. உங்களைச் சோர்வாக்க விரும்பவில்லை, ஆனால் நேராகச் சொல்லிவிடுவதே நல்லது. 2021இல் வந்த அந்த முழுக் குறியாக்க பேக்கப்பின் சாவி உங்கள் பாஸ்வேர்டோ 64 இலக்கச் சாவியோதான். அது அவர்களிடமும் இல்லை. அந்த அளவுக்கு இறுக்கமாகத்தான் அதைக் கட்டியிருக்கிறார்கள்.

கைவிளக்கு

ஒரு நிமிடம். இன்னொரு வழியை யாரும் யோசிக்கவில்லை. உங்கள் பெரியம்மா அனுப்பிய பதிவுகள் உங்கள் போனில் மட்டுமா இருந்தன? அனுப்பியவர் போனிலும் அதே பதிவு இருக்குமே. அவருடைய போன் இப்போது யாரிடம் இருக்கிறது?

தூக்கணாங்குருவி

அக்காவிடம், பெரியம்மா மகளிடம். அலமாரியில் அணைத்து வைத்திருப்பதாகச் சொன்னார். ஒரு வருடம் ஆகப் போகிறது. அந்த எண்ணும் இப்போது இல்லை. கணக்கே அழிந்திருக்குமே?

கைவிளக்கு

கணக்கு அழிந்திருக்கலாம். வாட்ஸ்அப்பில் 120 நாள் பயன்படுத்தாமல் இருந்தால் பொதுவாகக் கணக்கு நீக்கப்படும். ஆனால் அது வாட்ஸ்அப் நிறுவனத்தின் கணினிகளில் இருக்கும் கணக்கு. போனுக்குள் ஏற்கெனவே இருப்பவை செயலியை நீக்கும்வரை அங்கேயே இருக்கும்.

இப்போது கவனமாகக் கேளுங்கள், அக்காவிடம் இன்றே பேசிவிடுங்கள். செயலியை நீக்கக் கூடாது. போனை ஃபேக்டரி ரீசெட் செய்து, அதாவது எல்லாவற்றையும் அழித்து, குழந்தைகளுக்குக் கொடுத்துவிடக் கூடாது. வேறு எண்ணைப் போட்டுப் பதிவு செய்து பார்க்கவும் கூடாது. செயலியைத் திறக்கவே வேண்டாம். சார்ஜ் போட்டு, திரைப்பூட்டைத் திறந்து, கேபிளில் கணினியோடு இணைத்து, கோப்பு மாற்றம் என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும். ஆண்ட்ராய்டு என்றால் குரல் பதிவுகள் எல்லாம் சாதாரணக் கோப்புகளாகவே கிடக்கும். வாட்ஸ்அப் கோப்புறை, அதற்குள் மீடியா, அதற்குள் வாய்ஸ் நோட்ஸ். வாரத்துக்கு ஒரு கோப்புறை இருக்கும், உள்ளே ஓபஸ் என்று முடியும் கோப்புகள். மொத்தமாக நகலெடுங்கள். விஎல்சி பிளேயரில் ஓடும்.

பேட்டரி உப்பியிருந்தால், பின்மூடி மேலே எழும்பியிருந்தால், சார்ஜ் போடாதீர்கள். பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோய் பேட்டரியை மாற்றச் சொல்லுங்கள், தரவைத் தொட வேண்டாம் என்று அழுத்திச் சொல்லுங்கள்.

அல்லி

இதைப் படித்துக்கொண்டு வந்த எனக்கே கண் கலங்கிவிட்டது. தூக்கணாங்குருவி, திரைப்பூட்டு அக்காவுக்குத் தெரியுமா?

தூக்கணாங்குருவி

தெரியும். பெரியம்மாவுக்குப் போனில் படம் பெரிதாக்கித் தருவது அக்காதான், திரையில் புள்ளிகளை இணைத்துப் போடும் அந்தப் பூட்டுக் கோலத்தை அவர்தான் வைத்துக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை நேரில் போகிறேன்.

அல்லி

அதுவரை நான் ஒன்று சேர்த்துவிடுகிறேன், எல்லோர் வீட்டுக்கும் பொருந்தும். இருக்கும்போதே இதற்கு ஏற்பாடு செய்ய முடியும். கூகுளில் செயலற்ற கணக்கு மேலாளர் என்று ஒன்று 2013 முதல் இருக்கிறது. இத்தனை மாதம் நான் நுழையாவிட்டால் இன்னாருக்குத் தகவல் அனுப்பி, இன்னின்ன தரவைப் பார்க்க அனுமதி கொடு என்று எழுதி வைக்கலாம். ஆப்பிளில் மரபுத் தொடர்பு என்ற பெயரில் ஐஓஎஸ் 15.2 முதல் இருக்கிறது. இரண்டு வருடம் யாரும் நுழையாத தனிநபர் கூகுள் கணக்கை நீக்கும் விதியும் 2023இல் வந்துவிட்டதால், "அப்பாவின் மெயில் எங்கே போகப்போகிறது, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டுவிட முடியாது.

இதைப் பெற்றோரிடம் பேசுவது சங்கடம்தான். நான் என் கணக்கில் முதலில் செய்துவிட்டு, "உங்கள் பெயரைப் போட்டிருக்கிறேன் அப்பா" என்று காட்டினேன். அவரே தன்னுடையதையும் எடுத்துக் கொடுத்தார்.

வடதுருவம்

அல்லி சொன்ன முறை நன்றாக இருக்கிறது. நான் என் அம்மா போனில் முயன்றேன், மீட்பு எண்ணாக இன்னும் ஆறு வருடம் முந்தைய எண்தான் இருந்தது. அந்த எண் இப்போது வேறு யாரோ ஒருவரிடம் இருக்கும். இதை மாற்ற 2 நிமிடம்தான் ஆனது. எஸ்எம்எஸ்ஸே போதும் என்று மேலே எழுதினேன், அதை எந்த எண்ணுக்கு அனுப்புகிறது என்று பார்க்காமலே.

தூக்கணாங்குருவி

ஞாயிறு இரவு. இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன்.

பேட்டரி நன்றாகவே இருந்தது. அரை மணி நேரம் சார்ஜ் ஏறியபின் போன் எழுந்தது. கோலத்தை அக்கா ஒரே தடவையில் போட்டுவிட்டார். கைவிளக்கு சொன்னபடியே கேபிளில் இணைத்து, செயலியைத் தொடாமல், கோப்புறையை அப்படியே மடிக்கணினிக்கு இழுத்தோம். யார் யாருக்கு அனுப்பியது என்று கோப்பின் பெயரில் தெரியாது, தேதி மட்டும்தான் தெரிகிறது. அதனால் ஒவ்வொன்றாகக் கேட்டுப் பிரித்தோம். மொத்தம் 312 பதிவுகள், அதில் எனக்கு அனுப்பியவை 87. மற்றவை அக்காவுக்கும் மாமாவுக்கும். வந்த பதிவுகளும் கலந்து கிடக்கின்றன. என் குரலும் நடுவில் வருகிறது.

இரண்டு நகல் எடுத்தாயிற்று. ஒரு வன்தட்டு அக்காவிடம், ஒன்று என்னிடம், மூன்றாவது இப்போது கிளவுடில் ஏறிக்கொண்டிருக்கிறது. பழைய போனில் ஆத்தென்டிகேட்டர் போட்டுவிட்டேன். மீட்புக் குறியீடு அச்செடுத்து, அது வேலை செய்கிறதா என்று என் போனை அணைத்துவிட்டு அக்காவின் கணினியிலிருந்து நுழைந்து பார்த்தேன். திறந்தது. பயன்படுத்திய எண்ணைப் பேனாவால் அடித்துவிட்டேன், தாளில் இன்னும் 9 இருக்கின்றன. அக்காவும் அங்கேயே உட்கார்ந்து தனக்கு ஒரு தாள் அச்செடுத்துக்கொண்டார்.

கைவிளக்கு, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. முதல் பதிவில் பெரியம்மா "சாப்பிட்டியா, போன் எடுக்க மாட்டேங்கிறியே" என்கிறார்.

கைவிளக்கு

மூன்றாவது ஏறி முடிந்ததும் இரண்டு மூன்றைத் திறந்து கேட்டுவிட்டு வந்து சொல்லுங்கள். அதுவரை அந்தப் போனை ரீசெட் செய்ய வேண்டாம்.

தூக்கணாங்குருவி

ஏறிவிட்டது. திறந்து கேட்டேன், ஓடுகிறது. போன் அலமாரிக்கே திரும்பிவிட்டது, அக்கா அதை ரீசெட் செய்யப் போவதில்லை.